காமுவின் வயல்காற்று

நெல் வயலில் தேங்கிய தண்ணீரிலிருந்து கிளம்பும் மீத்தேன் வாயு பூமியைச் சூடாக்குகிறது. தண்ணீரை இடையிடையே வடித்தால் அது குறையுமா என்று பார்க்க, திருத்தணி ஆராய்ச்சி மாணவி தேவசுந்தரி 1998இல் வயல் தேடி அலைந்தாள். பயிர் காய்ந்துவிடும் என்று எல்லோரும் பயந்தார்கள். கே.ஜி.கண்டிகை கிராமத்து விவசாயி காமு மட்டும் துணிந்து பாதி வயலை வடித்துக் கொடுத்தாள்.

இரண்டு பாதியிலும் கண்ணாடிப் பெட்டியைக் கவிழ்த்து, உள்ளே சேர்ந்த காற்றைச் சிரிஞ்சுகளில் இழுத்து அடைத்துக்கொண்டு தேவசுந்தரி சென்னை ஆய்வுக்கூடத்துக்குக் கிளம்பியபோது, காமுவும் பஸ் ஏறிவிட்டாள்.

"என் வயக்காத்து, நானும் வந்து பாக்கறேன்."

தண்ணீர் நின்ற பாதியின் காற்றை, மீத்தேனை அளக்கும் கருவிக்குள் செலுத்தியதும், நகரும் காகிதத்தில் பேனா விறுவிறுவென்று ஏறி ஒரு மலையை வரைந்தது. அடுத்து வடித்த பாதி. தேவசுந்தரி மூச்சைப் பிடித்துக்கொண்டாள். பேனா லேசாக எழும்பி, சின்ன மேடு ஒன்றை வரைந்துவிட்டு இறங்கியது.

"கொறஞ்சிடுச்சாம்மா?"

"ஆங்! பாதிகூட இல்லக்கா!"

காமு அவளைக் கட்டிக்கொண்டு குதித்தாள். பக்கத்து அறைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"எங்க, இன்னொரு வாட்டி உட்டுக் காட்டு!" என்றாள் காமு.

தேவசுந்தரி சிரித்துக்கொண்டே அடுத்த சிரிஞ்சை எடுத்தாள்.