வளைந்த விலா

சந்திரவல்லியின் எக்ஸ்ரேயில் வலப்பக்க விலா எலும்பு ஒன்று வளைந்திருந்தது. எப்போதோ முறிந்து கூடியது. அதற்கு மேலே நுரையீரலில் வெள்ளையாய் ஒரு திட்டு. காசநோயாக இருக்கலாம் என்று குறித்துக்கொண்டாள் கிருபாராணி.

கையடக்க எக்ஸ்ரே கருவியோடு போடியிலிருந்து மலையேறி வந்து, ஏலக்காய் உலர்த்தும் கட்டடத்தில் காசநோய் முகாம் போட்டிருந்தாள். பகல் பதினோரு மணிக்கே வாசல்வரை மூடுபனி. வரிசையில் நின்ற பெண்களுக்குத் தலையில் துண்டு, வாயில் மாஸ்க். கண்கள் மட்டும்தான் தெரிந்தன.

அரை மணி கழித்து வேலுத்தாய் வந்தாள். அதே விலா, அதே திட்டு. கிருபாராணி கண்ணைக் கசக்கிக்கொண்டாள்.

அடுத்து ஒச்சம்மாள். படம் லேப்டாப்பில் விழுந்ததும் கிருபாராணி திரைக்கு அருகே குனிந்தாள். அதே நெஞ்சு மூன்றாவது முறையாக அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது. கருவிதான் பழைய படத்தையே காட்டுகிறதோ என்று தன் கைப்பையை வைத்துப் படமெடுத்துப் பார்த்தாள். உள்ளே கிடந்த சாவிக்கொத்து பளிச்சென்று தெரிந்தது. கருவியில் கோளாறே இல்லை. கர்த்தரே என்று வாய் தானாக முணுமுணுத்தது. பன்னிரண்டு வருஷ வேலையில் அவள் இப்படிப் பயந்ததில்லை.

"அக்கா, மாஸ்க்க எறக்குங்க."

ஒச்சம்மாள் தயங்கித்தான் இறக்கினாள். "கண்டுபிடிச்சிட்டியா தாயி? அவளுக ரெண்டு பேரு பேருலயும் நாந்தான் துண்ட மாத்திக் கட்டிட்டு வந்தேன். இருமுறவளுகள தோட்டத்து வேலைக்குப் போற ஜீப்புல ஏத்த மாட்டேங்குறாங்க. சோலி போச்சுன்னா பிள்ளைக கதி? எனக்குத்தான் ஒரு சீக்கும் இல்லையே. போன வருசமும் இப்பிடித்தான் நின்னு குடுத்தேன்."

பேய் பிசாசு இல்லை என்றதும் கிருபாராணிக்கு உயிர் வந்தது. போன வருஷப் படங்களைத் தேடித் திறந்தாள். மூன்று பெயர்கள், ஒரே வளைந்த விலா. திட்டு மட்டும் இல்லை. வந்த உயிர் மறுபடி போனது.

"நல்லாருக்குன்னு வெரசா எழுதிக் குடு தாயி. ஜீப்பு போயிரும்."

கிருபாராணி பேனாவை மூடிவிட்டு, சோதனைக்குச் சளி பிடிக்கும் டப்பாக்கள் மூன்றை எடுத்து மேசைமேல் வைத்தாள். வெளியே மூடுபனிக்குள் இரண்டு பெண்கள் மாறி மாறி இருமினார்கள்.

"ரெண்டு அவளுகளுக்கு, சரி," என்றாள் ஒச்சம்மாள். "மூணாவது யாருக்கு?"

கிருபாராணி லேப்டாப்பை அவள் பக்கம் திருப்பி, அந்தத் திட்டின்மேல் விரலை வைத்தாள்.