படகு வராத காலை

தெங்கேராக் கடைத்தெருவில் ஒரு மருந்துக்கடைக்கு மேல்மாடியில் ஜோனிட்டாவின் ஆபீஸ். கிழக்குக் கரைக்கு அப்பால், கடலடி மண்ணில் நிரந்தரமாகப் புதைத்து வைத்திருக்கும் கருவிகள் கேட்பதெல்லாம் அவள் திரையில் வந்து விழும். கடலுக்கடியில் எண்ணெய்க்கு மேலே மூடிபோலக் கிடக்கும் பாறை விரிசல் விடுகிறதா என்று பார்ப்பது அவள் வேலை. எண்ணெயை நகர்த்த, நடுக்கடலில் நிற்கும் மேடையிலிருந்து ஓயாமல் தண்ணீரை உள்ளே அழுத்துகிறார்கள். அழுத்தம் மிஞ்சிப் பாறை உடைந்தால், எண்ணெய் மேடைக்கடியிலேயே பீறிடும். அந்தப் பம்பைப் பார்த்துக்கொள்பவன் அவள் புருஷன் ரெஜினால்ட்.

இன்று காலைப் படகில் அவன் கரையேற வேண்டும். கிறிஸ்மஸுக்கு அவன் வீட்டில் இருக்கவேண்டுமே, படகு தவறக்கூடாதே என்று மாதாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்திருந்தாள். அவனே போனில் கூப்பிட்டான்.

“போட் வரல நீட்டா. அலை பெரிசு, துறையை விட்டே கிளம்பலையாம்.”

“நல்லா இருக்கு போங்க! பலகாரம் யாருக்குச் சுட்டேன்?” எரிந்து விழுந்து போனை வைத்தாள்.

திரையில் எல்லாம் பச்சை. பார்த்துக்கொண்டே இருந்தவளுக்குச் சட்டென்று உறைத்தது. படகின் இரைச்சல் தொல்லை என்று, அது வரும் காலைப்பொழுதின் பதிவைக் கணினி தானாகவே அழித்துவிடும்படி வைத்தது சாட்சாத் அவள்தான். இன்றும் அழித்திருக்கிறது. வராத படகுக்காக எதை அழித்தது?

மீட்டுப் பார்த்தாள். ஐயோ! சின்னச் சின்ன அதிர்வுகள், ஒன்றுக்கு மேல் ஒன்றாக, மூடிப் பாறைக்குள் ஏறிக்கொண்டிருந்தன.

மேலாளர் சேகரனிடம் ஓடினாள். “சார், தண்ணிய நிறுத்தச் சொல்லுங்க. பாறை உடையுது.”

“போட் சத்தமா இருக்கும் லா.”

“போட்டே வரல சார்! என் வீட்டுக்காரரு இன்னும் அங்கதான் இருக்காரு!”

“சும்மா நிறுத்தினா கம்பெனிக்காரன் என்னையத்தான் பிடிப்பான். லஞ்ச் வரைக்கும் பார்ப்போம்.”

லஞ்சாம்! இவர் நாசி லெமாக் தின்று கை கழுவும்வரை பாறை காத்திருக்குமாக்கும். ஜோனிட்டா நேரே மேடைக்குப் போன் போட்டாள்.

“என்னங்க, பம்ப நிறுத்துங்க.”

“சேகரன் சார் சொல்லாம எப்படிம்மா? வேலை போயிடும்.”

“ரெண்டு பேருக்கும் போகட்டும். பொண்டாட்டியா சொல்லல, திரையப் பார்த்துச் சொல்றேன். உங்க காலுக்குக் கீழ உடையுதுங்க!”

அவன் போனைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. போனுக்குள் இரைந்துகொண்டிருந்த பம்பு மெல்ல அடங்கியது.

திரையில் இன்னொரு புள்ளி. அதற்கு மேலே இன்னொன்று.

“இன்னும் வருதா?” என்றான் ரெஜினால்ட்.

“வருது.” சேகரன் பின்னால் வந்து நின்றார். திட்டத்தான் வந்தார், திரையைப் பார்த்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

அடுத்த புள்ளி வரத் தாமதமானது. அதற்கப்புறம் வரவேயில்லை.

“நின்னுடுச்சுங்க,” என்றவள் உடைந்து அழுதாள்.

“அழாதே. அடுத்த போட்ல வந்துடறேன். மாதாகிட்ட நல்லா வேண்டிக்க.”

காலையில் படகு வந்திருந்தால் அவன் பத்திரமாகக் கரையில் இருந்திருப்பான். பம்பருகே வேறு யாரோ ஒருத்தியின் புருஷன். இவள் பச்சைத் திரையை நம்பி, சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போயிருப்பாள்.

“காலையிலேயே வேண்டிக்கிட்டேங்க,” என்றாள். “நல்லவேளை, மாதா கேக்கல.”