ஒன்பது மணிச் சூரியன்

அந்த வானாய்வுக் கூடத்தில் அவளை எல்லோரும் புள்ளியக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். தினமும் காலை ஒன்பது மணிக்குச் சூரியனைக் கண்ணாடித் தகட்டில் படம் பிடித்து, அதன் முகத்திலுள்ள கரும்புள்ளிகளை எண்ணிப் பதிவேட்டில் எழுதுவது அவள் வேலை. போர் மூண்டதும் இயக்குநரைத் தலைநகருக்கு அழைத்துக்கொண்டார்கள். உதவியாளர்கள் இருவரும் படைக்குப் போனார்கள், அவள் கணவனும்தான். குன்றின்மேல் மிஞ்சியது அவளும் மாமியாரும்.

"ஊரே குண்டுக்குப் பயந்து குழிக்குள்ள கிடக்கு. இவ சூரியனுக்கு மச்சம் எண்ணிக்கிட்டிருக்கா" என்று மாமியார் முணுமுணுப்பாள். ஆனால் இருட்டறையில் படம் கழுவும் மருந்துத் தட்டைச் சீராக ஆட்டிக்கொண்டிருப்பது அவள் கைதான். வாய் எவ்வளவு ஓடினாலும் கை ஒரு தடவைகூடத் தப்பியதில்லை.

ஒருநாள் பீரங்கிப் படை ஒன்று குன்றேறி வந்து, கூடத்துக்குப் பக்கத்திலேயே முகாம் போட்டது. கேப்டன் உள்ளே வந்து, "இங்க பெரிய புள்ளி யாரு?" என்று கேட்டார்.

"பெரிய புள்ளியெல்லாம் போயாச்சு தம்பி. இப்ப இருக்கறது புள்ளிய எண்றவ மட்டும்தான்" என்றாள் மாமியார்.

பீரங்கி முழங்கும்போதெல்லாம் கூரை அதிர்ந்து சுண்ணாம்பு உதிர்ந்தது, படம் கலங்கிப்போனது. "காலைல ஒன்பது மணிக்குப் பத்து நிமிஷம் மட்டும் நிறுத்த முடியுமா சார்?" என்று அவள் கேட்டுப் பார்த்தாள்.

"எதிரிகிட்டயும் சொல்லி வச்சிட்டீங்களா?" என்று கேப்டன் சிரித்தார்.

மறுநாள் அவள் கடிகாரத்தோடு உட்கார்ந்து இரண்டு வேட்டுகளுக்கு நடுவே உள்ள இடைவெளியை எண்ணினாள். நாற்பது வினாடி. அதிர்வு அடங்க இருபத்தைந்து ஆனது. மீதிப் பதினைந்துக்குள் படத்தை எடுத்துவிட்டாள். அதன் பிறகு தினமும் அப்படித்தான்.

ஒரு செவ்வாய்க்கிழமை, படமெடுத்து முடித்துவிட்டு, சூரியனின் சிவப்பொளியை மட்டும் காட்டும் கருவியில் கண்ணை வைத்திருந்தாள். பெரிய புள்ளிக் கூட்டம் ஒன்றின் ஓரத்தில் திடீரென்று கண் கூசும்படி ஒரு தீநாக்கு வெடித்துப் பரவியது. 'பத்து பதினெட்டு' என்று குறித்துக்கொண்டாள்.

கொஞ்ச நேரத்தில் வெளியே ஒரே கூச்சல். ரேடியோக்காரனை இரண்டு சிப்பாய்கள் கையைப் பிடித்து நிறுத்தியிருந்தார்கள். ஒல்லியான ஆள், முகத்தில் ஈயாடவில்லை. சண்டை உச்சத்தில் இருக்கும்போது ரேடியோ பொட்டென்று ஊமையாகிவிட்டதாம்.

"யாருக்காகடா இதைக் கெடுத்தே?" என்று கேப்டன் கத்தினார்.

"சத்தியமா நான் ஒண்ணும் பண்ணல சார். எல்லாச் சத்தமும் ஒரே நேரத்துல செத்துப்போச்சு."

துரோகிக்கு என்ன தண்டனை என்று அங்கே எல்லோருக்கும் தெரியும். புள்ளியக்கா பதிவேட்டை இடுக்கிக்கொண்டு ஓடினாள்.

"அவரை விடுங்க சார். தப்பு அவர்மேல இல்ல, சூரியன்மேல."

"என்ன விளையாடறீங்களா?"

"சூரியன்ல ஒரு புள்ளி ஓரத்துல இப்பத்தான் வெடிச்சுது. அப்படி வெடிச்சா, மேல வானத்துல ரேடியோ அலை பட்டுத் திரும்பற பாதை கெட்டுப்போகும். பகலா இருக்கற இடமெல்லாம் இதே கதிதான். எதிரிக்கும் இப்ப காது கேக்காது. பத்து பதினெட்டுக்கு நான் பாத்து எழுதியிருக்கேன்."

"இப்ப ஓடி வரும்போதுகூட எழுதியிருக்கலாமே?"

அவள் பதிவேட்டை மூடினாள். "எழுதியிருக்கலாம். அதனால ஒரு மணி நேரம் பொறுங்க. யாரும் பெட்டியத் தொடவேணாம். தானா பேசும். பேசலேன்னா என்னையும் சேத்துப் பிடிச்சுக்கங்க."

"ஏண்டி, உனக்குப் புத்தி கெட்டுப்போச்சா?" என்று மாமியார் பதறினாள். ஆனாலும் வந்து மருமகளை ஒட்டி நின்றுகொண்டாள்.

அரை மணி ஆயிற்று. பெட்டி மூச்சுக்கூட விடவில்லை. நாற்பதாவது நிமிடத்தில் கரகரவென்று ஒரு சத்தம்; பின்னாலேயே எங்கோ ஒருவன் எண்களை வாசிக்கும் குரல். சிப்பாய்கள் கையை விட்டார்கள். ரேடியோக்காரன் ஓடிப்போய்ப் பென்சிலை எடுத்து எழுதத் தொடங்கினான். எழுதிய தாளில் அவன் கண்ணீரும் விழுந்தது.

மறுநாள் ஒன்பதுக்கு ஐந்து நிமிடம் முன்னால் கேப்டன் தொப்பியைக் கழற்றிக்கொண்டு வந்து நின்றார்.

"அந்தப் புள்ளி இன்னும் இருக்காம்மா?"

"சூரியன் சுத்துதில்ல, இன்னும் அஞ்சு நாள் நம்ம பக்கம் இருக்கும். மறுபடி வெடிக்கலாம். எப்போன்னு கேட்டா எனக்குத் தெரியாது. வெடிச்சா அந்த நிமிஷமே சொல்லிடுவேன்."

தெரியாததைத் தெரியாது என்று சொன்னாளே, அதுதான் அவருக்குப் பிடித்துப்போயிற்று. அன்றைக்கே கூடத்துக்கும் ரேடியோ அறைக்கும் இடையே டெலிபோன் கம்பி இழுத்தார். அந்த வாரம் அவள் இரண்டு முறை கூப்பிட்டுச் சொன்னாள். இரண்டு முறையும் யாரும் பதறவில்லை. ரேடியோ மறுபடி பேசும்வரை செய்தி மோட்டார் சைக்கிளில் போனது. ஒன்பது மணிக்குப் பத்து நிமிடம், எதிரி தலைக்குமேல் வந்தாலொழிய, பீரங்கி வாயைத் திறக்கவில்லை.

போர் முடிந்து அவள் கணவன் வீடு திரும்பிய அதே மாதம், ரேடியோக்காரனும் மூட்டையோடு குன்றேறி வந்தான். "ஊருக்குப் போற வழில, ஒரே ஒரு தடவை பாத்துட்டுப் போறேன்க்கா" என்றான். அவள் கருவியைச் சூரியன் பக்கம் திருப்பி வைத்து அவனைப் பார்க்கச் சொன்னாள். அவன் வெகுநேரம் கண்ணை எடுக்கவில்லை.

"இவருதானா என்னை மாட்டிவிட்டவரு?" என்றான் கடைசியில்.

"இவரேதான்."

"கோபம் வரமாட்டேங்குதேக்கா" என்று சொல்லிவிட்டு மறுபடி குனிந்து பார்க்கத் தொடங்கினான்.