கழுவப்படாத குழாய்

1

பெருமதிப்பிற்குரிய வாசகரே, கதை எழுதத் துணிந்தமைக்கு முதற்கண் மன்னிப்புக் கோருகிறேன். இதுவரை ஆய்வறிக்கைகள் மட்டுமே எழுதியவன். ஆப்பிரிக்க நகரமான இபாதானில், எங்கள் ஆய்வகத்தில், ஒரு நரம்பணு திடீரென அமைதியானது. அந்த அமைதியே இக்கதைக்கு மூலம்.

2

எங்கள் ஆய்வாளர் அடுகேயின் விரல்கள் தாமரை இதழ்களைப் போல... (கைவிடுகிறேன். உப்புக்கரைசலில் வெடித்த விரல்கள் அவை.)

எலியின் முதுகுத்தண்டிலிருந்து சீவிய மெல்லிய வில்லை, பிராணவாயு குமிழும் கரைசலில் உயிரோடு கிடந்தது. அதில் வலிச்செய்தியை ஏந்தும் ஒரு நரம்பணுவை அடுகே கண்ணாடி ஊசியால் தொட்டிருந்தாள். அது துடிக்கும்தோறும் ஒலிபெருக்கி 'டக்' என்றது. நியூரோபெப்டைடு என்னும் சிறு புரதத்துணுக்கு அத்துடிப்பைத் தணிக்கும் என்று அவள் நம்பினாள். எத்தனையோ வில்லைகளில் செலுத்தியும் எதுவும் தணியவில்லை. இன்றும் தணியாவிடில் ஆய்வை மூடிவிடப் பேராசிரியர் பணித்திருந்தார்.

காலையில் செலுத்தியதும் வீண். குப்பியில் கடைசித் துளிகளே எஞ்சின.

3

"குழாயைக் கழுவலையா, ஆன்ட்டி?" என்றான் சக ஆய்வாளன் போலஹான். பெப்டைடை வில்லைக்குக் கொண்டுசெல்லும் மருத்துவமனைச் சலைன் குழாய்தான் அது. ஒவ்வொரு முறையும் ஸ்பிரிட்டால் கழுவுவாள்.

"ஸ்பிரிட்டும் இல்ல, தண்ணியும் வரல. அப்படியே விடு."

"இது இபாதான் எலி. அமாலாக் களி ஊட்டாம வாயை மூடாது."

"நீ முதல்ல மூடு." அடுகே கடைசித் துளிகளைச் செலுத்தினாள்.

டக், டக்... டக்.

பிறகு ஒன்றுமில்லை.

"செத்துடுச்சா?"

அடுகே குழாயையே பார்த்தாள். "போலா, பெப்டைடு பிளாஸ்டிக்ல ஒட்டிக்கும். இத்தனை நாளும் குழாய்தான் குடிச்சிருக்கு. நான் கழுவிக் கழுவி அதுக்குப் பசி எடுக்க வச்சிருக்கேன். காலையில குடிச்சதுல இன்னிக்கு வயிறு நிறைஞ்சிருக்கு; இப்ப விட்டது அணுவுக்கே போயிருக்கு."

"இல்லன்னா அணு செத்திருக்கு."

"அதுவும் உண்டு. வேற குழாய்ல வெறுங்கரைசல் விடு. பெப்டைடு கழுவிப் போனதும், உயிர் இருந்தா மறுபடி பேசும்."

4

முதல் முடிவு: ஒலிபெருக்கி பேசவே... (இதை எழுத எனக்குக் கை வரவில்லை, பொறுத்தருள்க.)

மற்றொன்று: வெறுங்கரைசல் ஓடியது. போலஹானுக்கும் கேலி மறந்தது. அடுகே ஒலிபெருக்கியின் திருகைக் கடைசிவரை திருகினாள்.

[டக்.]

அடைப்புக்குறி நான் இட்டது. அதை நீக்கி ஒலியை வைத்துக்கொள்வதா, ஒலியோடு நீக்குவதா என்பதைத் தங்களிடமே பணிவுடன் ஒப்படைக்கிறேன்.

எவ்வாறாயினும் இழந்தவை: குப்பியிலிருந்த பெப்டைடு, பெரும்பாலும் குழாய்ச் சுவருக்கு. எலிகள். ஒரு மழைக்காலம்.