இரங்கல் கூட்டத்தில் தலைவர்

ஊரில் யார் வீட்டில் சாவு என்றாலும் முதல் ஆளாகப் போய் நிற்பவர் தலைவர். நகராட்சித் தலைவர் பதவி இரண்டாம் முறையாக அவர் கையில். கடைத்தெருவின் பெரிய இரும்புக் கடையும் அவருடையதுதான். ஆணி வாங்க வந்தவன்கூடத் தெருவிளக்கு எரியாததைப் பற்றி ஒரு பாட்டம் புலம்பிவிட்டுத்தான் போவான். அவரும் சளைக்காமல் கேட்பார். ஊரான் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்பதை அப்படியே நம்பிய மனிதர், பாவம்.

இப்போது அவர் வீட்டிலேயே சாவு. மனைவிக்கு வியாபாரிகள் சங்க மண்டபத்தில் இரங்கல் கூட்டம். கிளம்பும்போது மகள் அவர் சட்டைக் காலரைச் சரிசெய்தாள். வெளியூரில் வேலை பார்ப்பவள், மறுநாள் திரும்புகிறாள். அம்மா இல்லாத வீட்டுக்கு இனி எதற்கு வருவது என்று அவள் அத்தையிடம் சொன்னது அவர் காதில் விழுந்திருந்தது. அதிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை.

"அப்பா, குழாய், ரோடு இதெல்லாம் இன்னைக்கு வேண்டாம்ப்பா. அம்மாவைப் பத்தி உங்களுக்கு மட்டும் தெரிஞ்சதைச் சொல்லுங்க. ஒண்ணே ஒண்ணு போதும்."

"சொல்றேம்மா. அதுகூடவா எனக்குத் தெரியாது?"

மண்டபம் நிறைந்திருந்தது. பக்கத்துக் கடைத் தையல்காரர் முதலில் பேசினார். தலைவரின் மனைவி இரும்புக் கடைக் கல்லாவில் உட்கார்ந்தபடி பழைய பாட்டு முணுமுணுப்பாளாம். பாதியில் வரி மறந்துபோய்த் தானே சிரித்துக்கொள்வாளாம். அவள் பாடுவாள் என்பதே தலைவருக்குப் புதுச் செய்தி.

அவர் முறை வந்தது. எழுந்து மைக்கைப் பிடித்தார். அவர் கூட்டம் கூட்டமென்று அலைந்த காலமெல்லாம் கடையைக் கட்டிக் காத்தவள் அவள். அவளுக்குப் பிடித்த நிறம் எது? கடைசியாக எதற்குச் சிரித்தாள்? தேடித் தேடிப் பார்த்தார், ஒன்றும் அகப்படவில்லை. முன்வரிசையில் மகள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாய் மட்டும் பழகிய வாய். அது தானாகத் திறந்துகொண்டது.

"அன்னாரின் மறைவு இந்த நகரத்துக்கு ஈடுசெய்ய முடியாத இழப்பு..."

அவ்வளவுதான், மடை திறந்துவிட்டது. எத்தனையோ சாவுகளுக்குச் சொன்ன சொற்கள் வரிசை பிசகாமல் வந்தன. முடிக்கும்போது வழக்கம்போல முன்வரிசைப் பக்கம் திரும்பினார்.

"அன்னாரை இழந்து வாடும் குடும்பத்தாருக்கு நகராட்சியின் சார்பில் ஆழ்ந்த அனுதாபத்தைத் தெரிவித்துக்கொள்கிறேன்."

சொல்லி முடித்த பிறகுதான் அது அவர் காதிலேயே விழுந்தது.

மகள் எழுந்தாள். துக்க வீட்டுக்காரர்கள் அவர் முன்னால் எப்படி நிற்பார்களோ, அப்படியே தலை குனிந்து நின்றாள். கண் நிறைந்திருந்தது. கோபமாவது பட்டிருக்கலாம், அது இல்லாததைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

"ரொம்ப நன்றிங்க, தலைவரே" என்றாள்.

ஊரே அவரை அப்படித்தான் கூப்பிட்டது. அப்பா என்று கூப்பிட அவருக்கு இருந்தவள் அவள் ஒருத்திதான்.