பதினோரு மாதத் தங்கம்

என் வீட்டுக்காரர் எனக்குத் தங்கம் கொடுக்கும் நாளில் ஒளு செய்துவிட்டுத்தான் வருவார். தொழுகைக்கு முன் கை, முகம், கால் கழுவிச் சுத்தமாகிற அதே ஒளு. அல்லாஹ்வை ஏய்க்கப் போகிற காரியமானாலும் ஆள் சுத்தபத்தமாக இருக்க வேண்டும் என்று நினைத்தார் போலிருக்கிறது.

டைல்ஸ் கடை முதலாளி. பள்ளிவாசலில் முதல் வரிசை ஆள். பீரோவின் கீழ்த்தட்டில், மாதிரி டைல்ஸ் வந்த அட்டைப்பெட்டி ஒன்றில், ஒன்பது தங்கக்கட்டிகள் வைத்திருந்தார். ஒரு பொருள் ஒருவரிடம் முழுசாக ஒரு வருடம் இருந்தால்தான் அதற்கு ஜகாத் கடமையாகும். நாற்பதில் ஒரு பங்கை ஏழைகளுக்குக் கொடுத்தே தீர வேண்டும். அதனால் பதினோரு மாதம் முடிந்ததும் கதவைச் சாத்திவிட்டுப் பெட்டியை என் மடியில் வைப்பார்.

"உனக்குக் கொடுத்துட்டேன். ஏத்துக்கிட்டேன்னு சொல்லு."

"ஏத்துக்கிட்டேன்."

அடுத்த பதினோரு மாதம் அது என் சொத்து. பிறகு நான் கொடுத்ததாகச் சொல்ல வேண்டும், அவர் ஏற்றுக்கொள்வார். பதினோரு வருடமாக அந்தப் பெட்டி எங்கள் இருவருக்குள்ளேயே கைமாறியது. ஏழைக்கு ஒரு குண்டுமணி போனதில்லை. முதல் தடவை மட்டும் தப்பில்லையா என்று கேட்டேன். "சட்டத்துல இடம் இருக்கு," என்றார். மார்க்கத்தை அவர் வாடகைப் பத்திரம் படிக்கிற மாதிரிதான் படிப்பார், எங்கே ஓட்டை இருக்கிறது என்று பார்க்க.

அவருக்கு ஒரே தங்கை. புருஷனை இழந்தவள். ரெடிமேட் கம்பெனியிலிருந்து மூட்டை மூட்டையாகச் சட்டை வாங்கிவந்து வீட்டில் உட்கார்ந்து பட்டன் தைப்பாள். நான் இந்த வீட்டுக்கு வந்தபோது அவள் சின்னப்பெண். அவளுக்குத் தலை பின்னிவிட்டவள் நான். என் பிரசவத்தில் நாற்பது நாளும் என் துணிகளைத் துவைத்துப் போட்டவள் அவள்.

சர்க்கரை வியாதி அவள் கண்ணில் இறங்கிவிட்டது. வலது கண்ணுக்குள் ரத்தம் கசிந்து பார்வை மங்கியது. இடதிலும் ஆரம்பித்திருந்தது. ஆறு வாரத்துக்குள் ஆபரேஷன் செய்யாவிட்டால் இரண்டும் தேறாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஒன்பதில் ஒரு கட்டியை விற்றால் செலவுக்குப் போதும். ஏய்த்த ஜகாத்தைக் கூட்டினாலே இரண்டு கட்டிக்கு மேல் வரும். அதைக் கூடப்பிறந்தவளுக்குக் கொடுக்க மார்க்கத்தில் தாராளமாக அனுமதியும் உண்டு.

அவள் நேரில் வந்து அண்ணனிடம் கேட்டாள்.

"ஜகாத் என் மேல கடமையா இருந்தா உனக்குத் தராம வேற யாருக்கும்மா தரப்போறேன்? வருஷம் முழுசான பொருள்னு என்கிட்ட ஒண்ணுமே இல்லையே," என்றார்.

ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை. அதனால்தான் எனக்கு வயிறு எரிந்தது. அவள் தலையாட்டிவிட்டு, செருப்பைக் காலால் தடவித் தடவித் தேடிப் போட்டுக்கொண்டு போனாள்.

மறுநாள் பள்ளிவாசல் இமாம் ஹஜ்ரத்துக்குப் போன் செய்தேன். யாருக்கோ கேட்பதுபோல் கேட்டேன்.

"ஒரு அம்மாவுக்கு வீட்டுக்காரர் தங்கம் கொடுத்து, அவங்களும் வாங்கிக்கிட்டாங்க. அது யாரோடது ஹஜ்ரத்?"

"அந்தம்மாவோடதுதான். அவர் திருப்பிக் கேக்க முடியாது. அவங்க யாருக்கு வேணா கொடுக்கலாம்," என்றவர், "ஒண்ணு சொல்லிடுங்கம்மா. பொருள் யாரோடதோ, நாளைக்கு மறுமையில கேள்வியும் அவங்ககிட்டதான்," என்றார்.

முதல் பாதிதான் என் காதில் விழுந்தது.

இரண்டு வாரம் கழித்து என் பதினோரு மாதம் முடிந்தது. அவர் முகம் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"கொடுத்துட்டேன்னு சொல்லு."

"சொல்ல மாட்டேன். இது என்னோடது. உங்க தங்கச்சி கண்ணுக்குக் கொடுக்கப்போறேன்."

அவர் முகம் வெளுத்துவிட்டது. ஊர் ஜமாஅத்தில் போய் முறையிட முடியாது. முறையிட்டால் ஏன் கொடுத்தாய் என்ற கேள்வி வரும். பிறகு பீரோ சாவியை என் கையில் வைத்தார்.

"கொடு. அதையும்தான் பாக்குறேன்," என்றார்.

மூன்றாம் நாள் ஒரு கட்டியைக் கைக்குட்டையில் சுற்றி நகைக்கடைக்குக் கொண்டுபோனேன். நல்ல எண்ணத்தோடு, நிய்யத்தோடுதான் போனேன், அதில் சந்தேகமே வேண்டாம். கடைக்காரர் தராசில் வைத்துப் பார்த்தார். "விலை ஏறிக்கிட்டே இருக்கும்மா. பத்து நாள் பொறுத்தீங்கன்னா நல்லா நிக்கும்," என்றார். பத்து நாள்தானே, டாக்டர் சொன்ன கெடுவில் இன்னும் மூன்று வாரம் இருந்தது. திரும்பிவந்து கட்டியை அதன் இடத்தில் வைத்தேன். ஒன்பதும் சரியாக இருந்ததும் மனசுக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்பதை வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

அதன்பிறகு காரணங்களுக்குப் பஞ்சமே இல்லை. இவர் கோபத்தில் என்னைத் தள்ளிவைத்தால் என் கதி என்ன? மகள் வீடு கட்டக் கேட்டால்? ஆபரேஷன் செய்தும் பார்வை வராமல் போனால் பணம் பாழ்தானே? சாவியை என் சங்கிலியில் கோத்துக்கொண்டேன். கடைக்காரர் சொன்ன பத்து நாள் போய், விலையும் ஏறி, இன்னும் ஏறும் என்றார்கள். தொழுகையில் நெற்றி தரையில் இருக்கும், மனம் கீழ்த்தட்டில் இருக்கும். கட்டியை என்ன செய்தாய் என்று இவர் கேட்கவே இல்லை. சாப்பிடும்போது என்னை நிமிர்ந்து பார்ப்பார், அவ்வளவுதான். இருபத்தாறு வருடத்தில் அவர் என்னை இவ்வளவு புரிந்துகொண்டு பார்த்ததே இல்லை.

கெடு முடிவதற்கு நாலு நாள் முன்பு நாத்தனார் போன் செய்தாள். ஏற்பாடு ஏதாவது ஆச்சா அண்ணி என்று கேட்டாள். "அலைஞ்சுக்கிட்டுத்தான் இருக்கேன்மா," என்றேன். கண் சொட்டு மருந்து ஒரு புட்டியும் ஆஸ்பத்திரி போய்வர ஆட்டோ காசும் கொடுத்தனுப்பினேன்.

கெடு முடிந்த இரண்டாம் நாள், பக்கத்து வீட்டுப் பெண் கையைப் பிடித்துக் கூட்டிவர அவள் வந்தாள். சட்டை மூட்டை கொடுப்பதைக் கம்பெனி நிறுத்திவிட்டது. கையால் துழாவி நாற்காலியின் விளிம்பைப் பிடித்து உட்கார்ந்தாள். அவள் என் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க மனசைப் போட்டு உழப்பிக்காதீங்க அண்ணி. எனக்கு அண்ணன் மேலகூட வருத்தமில்ல. உங்களை நினைச்சாத்தான் பாவமா இருக்கு. உங்க கையில ஏதாவது இருந்திருந்தா என்னை இப்படி விட்டிருப்பீங்களா?"

அடுத்த அறையில் பேப்பர் புரட்டும் சத்தம் நின்றது. இவர் கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், சொல்லவில்லை. என்னைக் காட்டிக்கொடுக்க அவருக்கு என்ன அவசியம், நாலு நாளில் எனக்கு வருடம் நிறைகிறது, அதற்குள் ஜகாத்துக்குப் பயந்து நானே பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிடுவேன் என்று அவருக்குத் தெரியும், சொன்னால் ஒரு கட்டி தங்கைக்குப் போய்விடும்.

நாத்தனார் என் கையை விட்டுவிட்டு இரண்டு கைகளையும் ஏந்தினாள். சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள், நான் அங்கேதான் நிற்கிறேன் என்று நினைத்துக்கொண்டு.

"யா அல்லாஹ், எங்க அண்ணிக்கு நல்ல மனசைக் கொடுத்த. அந்தக் கைக்கும் நாலு காசு கொடு."

"ஆமீன்," என்றேன். ஒப்புக்குச் சொல்லவில்லை, மனதாரத்தான் சொன்னேன்.