நிறம் போன தண்ணீர்

"இதுதாண்ணே உங்க ரத்தம்" என்று புவனேஸ்வரி கண்ணாடித் தம்ளரைத் தூக்கிக் காட்டினாள். தண்ணீரில் இரண்டு சொட்டு எதையோ விட்டிருந்தாள். தம்ளர் முழுக்கப் பழுப்பாகிவிட்டது.

"இவ்வளவு அழுக்கா?" என்றார் சாமிக்கண்ணு.

"அழுக்கில்லண்ணே. ஃப்ரீ ரேடிக்கல். உடம்பு முச்சூடும் ஓடி செல்லையெல்லாம் கிழிக்கிறது அதுதான். வயசாவறது, நோய் வர்றது எல்லாம் அதாலதான். இப்பப் பாருங்க."

டப்பாவிலிருந்து ஒரு கரண்டி பொடியை எடுத்துப் போட்டுக் கலக்கினாள். பழுப்பு மறைந்து தண்ணீர் தெளிந்தது.

சாமிக்கண்ணு வாயைப் பிளந்தார். நுரையீரல் கட்டிக்குத் திருச்சி ஆஸ்பத்திரியில் முப்பது நாள் கதிர்வீச்சு, ஊர்ப் பேச்சில் கரண்டு, வைக்கச் சொல்லியிருந்தார்கள். ஆறு நாள் முடிந்திருந்தது. ஜெயங்கொண்டத்திலிருந்து பஸ் ஏறித் தங்கச்சி வந்ததே இந்தப் பொடியைக் கொடுக்கத்தான்.

அவர் மனைவி செல்வம்மாள் சுவரோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். காய்கறிக் கடைக்குப் போனால் தராசுத் தட்டின் அடியில் குனிந்து பார்க்கிறவள். சொட்டு மருந்துப் புட்டியை எடுத்து மோந்தாள்.

"இது டிஞ்சர் தானே? நம்ம மாட்டுக்குக் கொம்பு ஒடிஞ்சப்ப டாக்டரு போட்டாரு, அதே வாசன."

"ஏதோ ஒண்ணு அண்ணி. கம்பெனில குடுத்தாங்க."

செல்வம்மாள் இன்னொரு தம்ளரில் தண்ணீர் மொண்டு, அதிலும் இரண்டு சொட்டு விட்டாள். அடுப்படியிலிருந்து ஒரு எலுமிச்சம்பழத்தை நறுக்கி வந்து முழுசாகப் பிழிந்தாள். அந்தத் தண்ணீரும் வெளுத்தது.

"பாத்தியா? உன் பொடி செய்யிறத என் எலுமிச்சம்பழமும் செய்யுது."

புவனேஸ்வரிக்குக் கண் கலங்கிவிட்டது. "நான் ஏமாத்தறேன்னா அண்ணி? என் கூடப்பொறந்தவனுக்கு?"

"உன்னையச் சொல்லல. உன் கையில குடுத்தவனைச் சொல்றேன்."

சாமிக்கண்ணு சிரித்தார். "ஏன்டி, எலுமிச்சம்பழம் மாதிரிதானே? அப்பக் குடிச்சா என்னா கெட்டுப்போவும்?"

எலுமிச்சம்பழம் மாதிரிதான் என்று செல்வம்மாளே தன் கையால் நிரூபித்துவிட்டாளே. மறுநாளிலிருந்து அவளே காலையும் மாலையும் இரண்டிரண்டு கரண்டி கலக்கிக் கொடுத்தாள்.

ஆனால், பஸ் ஏறும்போது புவனேஸ்வரி சொல்லிவிட்டுப் போன ஒரு வார்த்தை உறுத்திக்கொண்டே இருந்தது. "ஆஸ்பத்திரியில சொல்லாதீங்க அண்ணி. அவங்களுக்கு இதெல்லாம் புடிக்காது."

நல்ல பொருளை எதற்கு மறைக்க வேண்டும்?

கரண்டு வைக்கும் ஒன்பதாம் நாள், திருச்சி பஸ்ஸில் பாடாலூர் தாண்டியதும் கேட்டேவிட்டாள்.

"ஏங்க, டாக்டரம்மாகிட்டப் பொடியச் சொல்லிப்புடலாமா?"

"வாய மூடு. கோவிச்சுக்கிட்டு வராதன்னு சொல்லிட்டா எனக்குக் கரண்டு யாரு வைப்பா? உங்கப்பனா?"

"எங்கப்பன் இருந்தா வச்சிருப்பாரு. அவரு பொய் சொல்ல மாட்டாரு."

சாமிக்கண்ணு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

டாக்டர் வெற்றிச்செல்வி வழக்கம்போல எடை பார்த்தார், இருமலைக் கேட்டார். "வேற மருந்து எதாவது சாப்பிடறீங்களா ஐயா?"

"இல்லீங்க மேடம்."

செல்வம்மாள் கைப்பைக்குள் துண்டில் சுற்றி வைத்திருந்த டப்பாவை எடுத்து மேசைமேல் வைத்தாள். சாமிக்கண்ணு பல்லைக் கடித்தார்.

டாக்டர் டப்பாவைத் திருப்பித் திருப்பிப் படித்தார். "எத்தனை வேளை?"

"ரெண்டு வேளைங்க. நாந்தான் கலக்கிக் குடுத்தேன். எலுமிச்சம்பழம் மாதிரிதானேன்னு..."

"இதுல ஒரு கரண்டி பல பழத்துக்குச் சமம்மா. கொடுத்தவங்க சொன்னது முழுப் பொய்யும் இல்ல. ஃப்ரீ ரேடிக்கல் செல்லைக் கிழிக்கும், உண்மை. ஆனா நாங்க வைக்கிற கரண்டு என்ன செய்யுதுன்னு நினைச்சீங்க? கட்டிக்குள்ள அதே ஃப்ரீ ரேடிக்கலைத்தான் உண்டாக்குது. அது கட்டியோட செல்லைக் கிழிக்கணும். அதுக்குத்தான் தினம் உங்களை வரச் சொல்றேன்."

செல்வம்மாள் நாற்காலி நுனிக்கு நகர்ந்தாள். "அப்பப் பருத்திக்கு மருந்தடிச்ச கையோட தண்ணிய ஊத்திக் கழுவுன மாதிரியா?"

"அப்படி ஆயிடக்கூடாதுன்னுதான் நிறுத்தச் சொல்றேன்."

"பொடி குடிச்ச நாளெல்லாம் வீணாப் போச்சுங்களா?"

"தெரியலம்மா. கெட்டுப்போச்சுன்னும் சொல்ல முடியாது, கெடலைன்னும் சொல்ல முடியாது. மிச்ச நாளை ஒழுங்காப் பார்ப்போம். பழம், கீரையெல்லாம் சாப்பாட்டுல எப்பவும் போல இருக்கட்டும். டப்பா எதுவும் வேணாம்."

சாமிக்கண்ணு மெல்லக் கேட்டார். "கரண்ட நிப்பாட்டிருவீங்களா மேடம்?"

"எதுக்கு நிப்பாட்டணும்? உள்ள போங்க, உங்க முறைதான்."

அவர் எழுந்து போனார். கதவு மூடியதும் செல்வம்மாள் வெளியே வந்து புவனேஸ்வரிக்கு ஃபோன் போட்டாள். டாக்டர் சொன்னதை ஒரு வரி விடாமல் சொன்னாள்.

"புவனா, வேற யாருக்காச்சும் குடுத்தியா?"

"குடுத்தேன் அண்ணி."

"கரண்டு வைக்கிறவங்க யாருக்காச்சும்?"

"...அரியலூர்ல ஜெயசித்ரா டீச்சருக்கு. மார்ல கட்டி. தஞ்சாவூர் போயிட்டு வராங்க."

"எத்தினி நாளா?"

"பதினஞ்சு நாளு இருக்கும். ஃபோன்ல சொல்லிடறேன் அண்ணி."

"ஃபோன்ல சொன்னா நீ பாதி சொல்லுவ, அவங்க பாதி கேப்பாங்க. நேர்ல போ."

"நாளைக்குக் காலையில போறேன்."

"இன்னிக்குச் சாயங்காலம் அவங்க ஒரு கரண்டி குடிப்பாங்கல்ல? இப்பப் போ."

"சரி அண்ணி, கெளம்பறேன். வைக்கவா?"

செல்வம்மாளுக்கு நம்பிக்கை வரவில்லை. நாத்தனார் கெட்டவள் இல்லை. ஆனால் பயந்தவள். தான் கொடுத்தது தப்பு என்று ஒரு டீச்சர் முன்னால் நின்று சொல்ல, பயந்தவளுக்குக் கால் வராது.

"வைக்காத. அப்படியே கையில புடிச்சுக்கிட்டு நட."

"அண்ணி, பஸ் ஸ்டாண்டு வரைக்குமா?"

"ஆமா. கண்டக்டர் குரல் எனக்குக் கேக்கணும்."

புவனேஸ்வரி நடந்தாள். செருப்புச் சத்தம், ஆட்டோ, மல்லாட்டை, மல்லாட்டை என்று யாரோ ஒருத்தி வேர்க்கடலை விற்கும் கூவல். செல்வம்மாள் ஃபோனைக் காதோடு அழுத்திக்கொண்டு காத்திருந்தாள். சாமிக்கண்ணு சட்டைப் பொத்தானைப் போட்டபடி வெளியே வந்து, "யாருகிட்டடி?" என்றார். அவள் பேசாதே என்று கையைக் காட்டினாள்.

"அரியலூர், அரியலூர், ஏறு ஏறு" என்று அந்தப் பக்கம் ஒரு குரல் கத்தியது.

"ஏறிட்டியா?"

"ஏறிட்டேன் அண்ணி."

"சீட்டு வாங்கற சத்தமும் கேக்கட்டும்" என்றாள் செல்வம்மாள்.